கடல் இறங்கிப்போன இடத்தில் நின்ற படகு: சோஹாரிலிருந்து ஜம்பியானிக்கு

சான்சிபார் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. வேலைக்குப் போகிறவனுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன். வளைகுடாவில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு உபயோகப்படும். படங்கள் குறைவு. என் போன் பழையது, மாற்றுவதாக இல்லை.

நான் ஓமானில் சோஹாரில் இருபத்தேழு வருடமாகப் படகு இன்ஜின் மெக்கானிக். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். படிப்பு எட்டாவது. கிணற்றடி பம்புசெட்டைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றுக்கொண்ட தொழில். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்த டிப்ளமோ பையன்கள் இருவர் இன்று எனக்கு சூப்பர்வைசர்கள். அதைப் பற்றி வேறு இடத்தில் எழுதுவேன்.

போன ஜனவரியில் எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, கூப்பிட்டார். அவருடைய அம்மா வழிக் குடும்பம் சான்சிபாரில் இருக்கிறது. (சோஹாரிலும் மஸ்கட்டிலும் இப்படி நிறையக் குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் ஸ்வாஹிலிதான் பேசுவார்கள்.) அங்கே அவருடைய சித்தி மகள் மர்யமுக்கு ஒரு மீன்பிடிப் படகு. கடல்நீர் உள்ளே போய் இன்ஜின் இறுகிவிட்டது. எட்டு மாதமாகப் படகு கரையில் கிடக்கிறது. போட்டோவைப் பார்த்த டிப்ளமோக்கள், “புது இன்ஜின்தான் வாங்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். நான் ஓடவைக்கலாம் என்றேன்.

“ஓடவைத்தால் உனக்கு இன்னும் இரண்டு வருடம் விசா அடிக்கிறேன். இல்லாவிட்டால் கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ. வயது அறுபத்திரண்டு ஆகிவிட்டது” என்றார். அதற்கு அடுத்த மாதம் என் விசா முடிய இருந்தது. அறுபதைத் தாண்டியவனுக்கு அதற்கப்புறம் எல்லாம் முதலாளியின் மனசுதான். இன்னொன்றும் சொன்னார்: படகு ஓடினால் போதாது, மர்யம் தானே அதில் ஏறி உட்கார்ந்து அவரைப் போனில் அழைத்து “சரி” என்று சொல்ல வேண்டும். நான் சொல்வதை நம்பமாட்டார். இருபத்தேழு வருடம்.

சோஹாரிலிருந்து மஸ்கட் விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர், ஷேர் டாக்சியில் ஐந்து ரியால். மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு நேர் விமானம், ஐந்தரை மணி நேரம். போகவர 142 ரியால், அர்பாப் போட்டார். ஓமானைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். இதை மறக்காதீர்கள், பின்னால் சொல்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன் விசா 50 டாலர். தீவுக்கென்று தனியாக ஒரு காப்பீடும் கேட்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையை யார் எங்கே கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் போட்டுக்கொண்டேன்.

விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் இருந்தேன். கடலை இருபத்தேழு வருடமாகத் தினமும் பார்ப்பவன் நான். அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. கரையோரம் இளம்பச்சை. அதற்கப்பால் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே, கத்தியால் வெட்டி ஒட்டியதுபோல், மைக் கறுப்பு. அந்த வெள்ளைக் கோடு பவளப்பாறையில் அலை உடைவது என்று பிறகுதான் தெரிந்தது. கரையிலிருந்து அது ஒன்றரை கிலோமீட்டர் தூரம். கரையில் நின்றாலும் அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஜம்பியானி கிழக்குக் கரையில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து 55 கிலோமீட்டர். டாக்சிக்காரர் 50 டாலர் கேட்டார், 35-க்கு வந்தேன். பிறகு தீவின் நகரமான ஸ்டோன் டவுனுக்குப் போய்வர தலதலா என்கிற சிறு வண்டிதான். 3,000 ஷில்லிங், இரண்டு மணி நேரம். மடியில் யாருடைய குழந்தை, காலடியில் யாருடைய வாழைத்தார் என்று கேட்கக் கூடாது.

முதல் நாளே படகைப் பார்த்தேன். மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். படகை ஓட்டுகிற நகுதா பெயர் மக்காமே. நாற்பது வயதிருக்கும், ஆறடி உயரம். நான் ஸ்வாஹிலி அறியேன். அவனுக்குத் தமிழ் எங்கே? ஆனால் வாயைத் திறந்ததும், “ஆயியே, பாய்! டென்ஷன் மத் லோ!” என்றான், வாங்க அண்ணே, கவலைப்படாதீங்க என்று இந்தியில். துபாய் அல் கூஸில் மூன்று வருடம் கிடங்கில் மூட்டை இறக்கினானாம். கேம்பில் ஒரே ரூமில் பீகார்க்காரர்கள் ஏழு பேர், இவன் எட்டாவது. ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு முதுகுளத்தூர்க்காரனும் ஒரு ஜம்பியானிக்காரனும் அல் கூஸ் இந்தியில் குடும்பம் நடத்தினோம்.

இரண்டாம் நாளிலிருந்து அவன் என்னைப் பாய் என்று கூப்பிடவில்லை. என் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ‘ம்ஸே’ ஆக்கிவிட்டான். பெரியவர் என்று அர்த்தம். அது மட்டுமில்லை. தெருவில் நடந்தால், என்னைவிடச் சின்னவர் யாராக இருந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளையானாலும் மீசை நரைத்தவனானாலும், “ஷிகமோ” என்கிறார்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பொருளாம். நாம் “மரஹபா” என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளாமல் போனால் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து படகுக்கு 400 மீட்டர். அதற்குள் இருபது பேருக்குக் குறையாமல். சோஹார் ஒர்க்‌ஷாப்பில் காலையில் எனக்கு யார் வணக்கம் சொன்னார்கள்? முதல் மூன்று நாள், வேலை இல்லாதபோதும் அந்தத் தெருவில் ஒரு நடை அதிகமாக நடந்தேன். எழுதுவதில் வெட்கமில்லை.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு வால்வைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கடல் இல்லை. கரையிலிருந்து பாறை வரை வெறும் மணலும் பாசியும் குட்டைகளும். சத்தமே போடாமல் போயிருந்தது. சோஹாரிலும் நீர் ஏறும், இறங்கும். ஆனால் துறைமுகத்தில் ஆழம் தோண்டி வைத்திருக்கிறார்கள், படிக்கட்டுப் பாசியைப் பார்த்தால்தான் தெரியும். இங்கே கடலே எழுந்து வெளியே போய்விடுகிறது.

போன கடலுக்குப் பின்னாலேயே பெண்கள் போகிறார்கள். தலையில் கூடை, கையில் கயிறு, கலர் கலராகத் துணி. வயலுக்குப் போகிற நடைதான். கடலடியில் குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் கடல்பாசி நடுகிறார்கள். வரப்பு கிடையாது, வேலி கிடையாது. ஆனால் எது யாருடைய பாத்தி என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பார்த்துக்கொண்டே நடந்து ஒரு கயிற்றை மிதித்துவிட்டேன். ஒரு அம்மாள் போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம் ஒருவன் சைக்கிளில் போகிறான். கடலுக்குள்! எனக்கு நீச்சல் தெரியாது. படகிலேயே வாழ்ந்தும் கற்றுக்கொள்ளவில்லை. அன்று கடலின் அடியில் செருப்புப் போட்டு நடந்தேன். மத்தியானச் சோற்றுக்கு நாலு மணி ஆகிவிட்டது, அப்போது நான் நடந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கையில் தட்டுடன் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், சோறு ஆறிவிட்டது.

அந்தச் சோறு: பீ மர்யம் சமையல். (பீ என்றால் அம்மாள் என்பதுபோல மரியாதைச் சொல்.) ஐம்பத்தைந்து வயது, கணவர் இல்லை. சோஹாரில் அர்பாப் வீட்டில் நான்கு வருடம் இருந்ததால் அரபி பேசுவார். அவர் வீட்டுப் பின்னறையில்தான் தங்கினேன். எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால். கணவாய் இனத்து எட்டுக்கால் பிராணியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். சாப்பிட்டுவிட்டு என்னவென்று கேட்டேன். வரிசை மாறியதால் பிழைத்தேன். கடையில் உரோஜோ என்று ஒரு புளிப்புக் குழம்பு, 3,000 ஷில்லிங். அதற்குள் பஜ்ஜி மிதக்கும். நம் ஆட்கள் யாரோதான் தொடங்கிவைத்திருக்க வேண்டும்.

இன்ஜினை விடவில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சிலிண்டரில் ஊற்றி ஆறு நாள் ஊறவைத்தேன். ஏழாம் நாள் பிஸ்டன் ஒரு நூல் அசைந்தது. கேஸ்கெட் தாள் தேடி ஸ்டோன் டவுன் போனபோது, சந்தைக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடையில் தமிழ்ப் பேச்சு கேட்டது. காயல்பட்டினத்து சாகுல். முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறார்.

“வாங்க, வாங்க. எப்ப வந்திய? டூருக்கா?”

“வேலைக்கு.”

“இந்த வயசுலயா? ஊருல போயி காலை நீட்டி இருக்க வேண்டியதுதானே மாமா!”

“நீங்க ஏன் போகல?”

“கடையை விட்டுட்டு எங்க போறது?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தாளை அளந்து வெட்டிக்கொண்டே, “ஒன்னு சொல்றேன் கேட்டுக்கிடுங்க. இவங்க பெரியவங்க முகத்துக்கு நேரா மறுத்துப் பேசமாட்டாங்க. நீங்களா விசாரிச்சுத்தான் நடந்துக்கிடணும்” என்றார். நான் தாளின் தடிமனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தோராம் நாள், வியாழக்கிழமை. ஓமானில் வாரத்தின் கடைசி வேலை நாள். அர்பாப் முந்தின நாளே சொல்லிவிட்டார்: “நாளை நம் நேரம் பன்னிரண்டுக்குள் மர்யம் பேச வேண்டும். ஆள் விசா பேப்பரோடு அலுவலகத்தில் நிற்பான்.” தீவு நேரம் பதினொன்று. விடியற்காலை நீர் ஏறியிருந்தபோதே படகைத் தள்ளி மிதக்கவிட்டிருந்தோம். நான் காலை ஏழேகாலுக்குக் கடைசிக் குழாயை முறுக்கி, டீசலில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. எட்டு மாதம் செத்துக்கிடந்த இன்ஜின். கரையில் ஓலை முடைந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

முதலில் நாங்கள் ஒரு சுற்று போய்வந்து, பிறகு பீ மர்யமை ஏற்றுவது என் திட்டம். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். மக்காமே இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கடலைப் பார்த்தான்.

“ம்ஸே, பானி ஜா ரஹா ஹை.” தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்றான்.

“அரை மணி நேரம். போய்ட்டு வந்துடலாம். யல்லா, கிளம்பு!”

அவன் பேசவில்லை. ஏறினான்.

இருபது நிமிடம் ஓடினோம். புகை சுத்தம், சத்தம் சுத்தம். அந்த இளம்பச்சை நீரில் அடியில் மீன் போவது தெரிகிறது, படகின் நிழல் மணலில் கூடவே வருகிறது. வெள்ளைக் கோட்டுக்கு அருகில் போனபோது அலை உடைவது சுவர் சாய்வதுபோல் இருந்தது. என் இன்ஜின் என்னை அங்கே கொண்டுவந்திருந்தது. மக்காமே திருப்பினான். “ஏக் அவுர் ரவுண்ட்” என்றேன். முழு வேகத்தில் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சுற்று போனான்.

எட்டு முப்பத்தைந்துக்கு அடியில் மணல் உரசியது. கரைக்கு இன்னும் 800 மீட்டர். இருவரும் இறங்கித் தள்ளினோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு கணுக்காலுக்கு. இன்ஜினைக் குளிரவைக்கிற கடல்நீர்க் குழாய் வெளியே தெரிந்தது. ஓடவிட்டால் வெந்துபோகும். நானே நிறுத்தினேன். ஒன்பதேகாலுக்குப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல்.

பாசிப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். முதலில் ஷிகமோ. நான் மரஹபா சொன்ன பிறகு ஒருத்தி ஏதோ கேட்க, மற்றவர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“என்ன சொல்றா?” என்று மக்காமேயைக் கேட்டேன்.

“படகை நட்டுட்டீங்களே, அறுவடை எப்போன்னு கேக்குறா, ம்ஸே.”

பத்தரைக்குக் கரையிலிருந்து ஒரு உருவம் நடந்து வந்தது. பீ மர்யம், கையில் பிளாஸ்க். படகின் சாய்ந்த விளிம்பில் உட்கார்ந்து எனக்கு டீ ஊற்றினார். “உன் அர்பாப் ஏறி உட்காரச் சொன்னான். உட்கார்ந்துவிட்டேன். இப்போது என்ன சொல்ல?” என்றார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் போன் அடித்தது. அர்பாப். மர்யம் ஸ்வாஹிலியில் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் மக்காமே போனை வாங்கினான். நெஞ்சில் கைவைத்துப் பேசினான், தலையைக் குனிந்து பேசினான். பீ மர்யம் என்னையே பார்த்தார். பிறகு அரபியில் மெதுவாக, “தண்ணீர்க் கணக்கைத் தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்கிறான். பெரியவர்மேல் தப்பில்லை என்கிறான்” என்றார்.

அந்தத் தண்ணீரில் பிறந்தவன். தண்ணீர் எப்போது போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இரண்டு வருடம் என் கையில். டீயைக் குடித்தேன். அரை டம்ளர் வரை பேசாமல்தான் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு போனைப் பிடுங்கினேன். “அர்பாப், கலத் மால் அனா. தப்பு என்னுடையது. தண்ணீர் போகிறது என்று இவன் சொன்னான். நான் கேட்கவில்லை.”

அர்பாப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். பிறகு, “இன்ஜின் ஓடுகிறதா?”

“ஓடுகிறது.”

“இப்போது ஓட்டிக்காட்டு.”

“தண்ணீர் வரணும்.”

“எப்போது வரும்?”

மக்காமேயைப் பார்த்துக் கேட்டேன். இருபத்தொரு நாளில் கடலைப் பற்றி அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது என்று பிறகுதான் உறைத்தது. அவன் மணலைக்கூடப் பார்க்கவில்லை. “டேட் பஜே ஸே பாஞ்ச் மினிட் பெஹ்லே.” ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் முன்னால்.

“அலுவலகம் இங்கே இரண்டரைக்கு மூடும். உங்கள் நேரம் ஒன்றரை” என்று சொல்லிவிட்டு அர்பாப் வைத்துவிட்டார்.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டுக்கு மேல் பாறைப் பக்கமிருந்து ஒரு மெல்லிய பளபளப்பு வந்தது. அலை கிடையாது. தரை நனைவதுபோல் வந்தது. நண்டுகள் முன்னால் ஓடிவந்தன. குட்டைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. பெண்கள் அவசரமில்லாமல் கூடையைத் தூக்கிக் கரை திரும்பினார்கள், தண்ணீர் அவர்கள் குதிகாலிலேயே நடந்து வந்தது. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு அமைதியாக வேலைக்கு வருவதை நான் பார்த்ததே இல்லை. ஒன்று இருபதுக்குப் படகு முனகி நிமிர்ந்தது. குழாய் முழுகியது. ஒன்று இருபத்தைந்து. கைப்பிடியைச் சுற்றினேன். பிடித்தது. படகில் உட்கார்ந்திருந்த பீ மர்யம் அர்பாபை வீடியோவில் அழைத்து, போனை இன்ஜினுக்கு நேராகப் பிடித்து, அதன் சத்தத்துக்கு மேல் கத்தினார்: “ஸேன்! ஸேன்! நன்றாக இருக்கிறது!”

விசா கிடைத்தது. ஒரு வருடத்துக்கு. இரண்டு வருடத்துக்கு இன்னொரு கையெழுத்து வேண்டும், அந்த ஆள் கிளம்பிவிட்டார் என்கிறார் அர்பாப். வேண்டுமென்றே குறைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். நேரிலும் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜனவரி, பிப்ரவரி நல்லது, மழை அதிகமில்லை. டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும், பழையதை வாங்கமாட்டார்கள். பாறைத்தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், உருண்டையாக முள்ளோடு கிடக்கிற கடல்முள்ளெலி குத்தினால் மூன்று நாள் படுக்கை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் காலை பத்து, பதினொன்றுக்குக் கடல் வெகுதூரம் இறங்கும். அதைப் பார்க்காமல் வராதீர்கள், அந்த நேரத்தில் படகையும் எடுக்காதீர்கள்.

வயதானவர்கள் போனால் இன்னொன்று. அங்கே உங்களிடம் யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவன் பேசாமல் நின்றால், அதுதான் ‘இல்லை’. நின்று, என்னப்பா என்று கேளுங்கள்.

திரும்பி வரும் விமானத்தில், இருபத்தேழு வருடத்தில் என் முன்னால் அப்படிப் பேசாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். அதில் பாதிப் பேர் சொல்ல வந்தது தப்பாகத்தான் இருந்திருக்கும், சந்தேகமில்லை. மீதிப் பாதியை எண்ணி முடிப்பதற்குள் மஸ்கட் வந்துவிட்டது.